போன வருஷத்துச் சால்னா

திருநகரை விட்டு மதுரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வாட்ச்மேன் சொன்னது எனக்குச் சரியாக உறைத்தது. டைல்ஸ் குடோனில் சரக்கு இறக்க ஆள் தேவை என்று காலையில் என் போனில் ஒரு ஆப்பில் படத்தோடு வந்திருந்தது. வெயிலுக்கு முன்னால் கிளம்பி வந்து கேட்டில் நின்றால், அவர் என் போனை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது போட்டு ரெண்டு வாரமாச்சேப்பா. அன்னைக்கே ஆளு சேந்துட்டாய்ங்க."

"இன்னைக்குக் காலையிலதாண்ணே வந்துச்சு."

"உனக்கு இன்னைக்கு வந்துச்சு. நேத்து ஒருத்தன் வந்தான், அவனுக்கு நேத்து வந்திருக்கு. மொதலாளி மகன் எடுத்துட்டேன் எடுத்துட்டேங்கிறான். அது போவேனாங்குது."

படத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி தேதி இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்துவிட்டு நடந்தேன்.

அதற்கு முந்தின வேலை திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளையில். மண் எடுப்பதில் ஏதோ தகராறு வந்து சூளையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேலை என்றால் படுக்கிற இடமும் அதோடு சேர்ந்ததுதான். அது போனால் இதுவும் போகும். பஸ் ஸ்டாண்டில் ஒரு ராத்திரி படுக்கலாம். இரண்டாவது ராத்திரி போலீஸ்காரர் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வார். ஒரு ராத்திரியை நான் ஏற்கெனவே செலவழித்திருந்தேன். அன்றைக்கு வியாழக்கிழமை. இருட்டுவதற்குள் எங்கேயாவது ஒட்டிக்கொண்டாக வேண்டும்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் அந்த ஆப் எனக்கு நன்றாகவே பழகியிருந்தது. மதுரையைச் சுற்றி என்ன வேலை இருக்கிறதோ அது அதில் வரும். மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. அவ்வளவுதான் கணக்கு. காலையில் டீ குடிக்கும்போது மேலே இருக்கிற மூன்று நான்கைப் பார்த்தால் போதும், அன்றைய பிழைப்பு தெரிந்துவிடும். கேட்டரிங், பந்தல், கிணறு தூர் வாருவது, கல்யாண மண்டபத்தில் நாற்காலி அடுக்குவது என்று நான் பார்த்த வேலையில் பாதி அப்படி வந்தவை. ஒரு நாள் யாரையும் கேட்காமல் அதை மாற்றிவிட்டார்கள். புதுசு, பழசு என்ற வரிசையே போய்விட்டது. நமக்கு எது பிடிக்கும் என்று அது நினைக்கிறதோ அதுதான் மேலே வந்தது.

அது என்னதான் நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. பழங்காநத்தத்துக்கு முன்னால் ஒரு வேப்பமர நிழலில் நின்று கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்து விட்டுப் பார்த்தேன். டைல்ஸ் குடோன் மறுபடியும் வந்தது. மறுபடியும் இழுத்தேன். ஒரு மாஸ்டர் பரோட்டா மாவை வீசினார். இன்னொரு தடவை இழுத்தால் இன்னொரு மாஸ்டர், இலங்கைக்காரரோ மலேசியாக்காரரோ, அவரும் மாவைத்தான் வீசினார். எப்போதோ ஒரு நாள் பரோட்டா வீடியோ ஒன்றைக் கடைசிவரை பார்த்துத் தொலைத்திருக்கிறேன். அதிலிருந்து எனக்கு வேலையைவிடப் பரோட்டா முக்கியம் என்று அது முடிவுகட்டிவிட்டது. பசிக்கிற நேரத்தில் அதைத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. பைபாஸ் ரோட்டைப் பிடித்துக் காளவாசலுக்கு நடந்தேன்.

காளவாசலில் எனக்குத் தெரிந்த பரோட்டாக் கடை ஒன்று உண்டு. எங்கெங்கோ போய்விட்டு மதுரைக்குத் திரும்பும்போதெல்லாம் அங்கேதான் முதல் சாப்பாடு. கடைக்காரர் மேற்கே விவசாயக் குடும்பத்துக்காரர்; நிலத்தைத் தம்பிக்கு விட்டுவிட்டு அடுப்புக்கு வந்தவர். அவர் கடையில் ஒரு பழக்கம். பரோட்டாவை மாஸ்டர் பிய்த்து இலையில் போடுவார். ஆனால் சால்னாவை மட்டும் கடைக்காரரே வாளியில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வருவார். நாம் கேட்க வேண்டியதில்லை. இலை காய்ந்தால் ஊற்றுவார். எவனாவது இலைமேல் கையை வைத்து மறைத்தால் அங்கேயே நின்றுவிடுவார். "ஏன்யா, உப்புக் கூடவா, காரமா?" என்று கேட்டு, உள்ளே போய்ச் சட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மேசைக்கு வருவார். எங்கள் பக்கம் யாரும் சாப்பாடு நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். கையை வைத்து மறைப்பார்கள், மறுநாள் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கடை இருந்த இடத்தில் கடை இருந்தது, ஆனால் ஒரு நிமிஷம் தாண்டிப் போய்விட்டேன். புகை படிந்த தகரப் பந்தல் இல்லை. கண்ணாடிக் கதவு. வாசலில் ஒரு பெரிய கோழி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிற பலகை. உள்ளே இலை இல்லை, தட்டு இல்லை, காகிதப் பெட்டி. மேசையில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புப் படம் ஒட்டியிருந்தது. கடைக்காரரின் மச்சினன், முப்பது வயதிருக்கும், தொப்பி போட்டுக்கொண்டு வந்தான்.

"அத ஸ்கேன் பண்ணி ஆர்டர் போடுங்கண்ணே."

"ரெண்டு பரோட்டாய்யா. வாயால சொன்னா ஆகாதா?"

"சிஸ்டத்துல ஏறாதுண்ணே."

ஸ்கேன் செய்தேன். பெயர் கேட்டது. நம்பர் கேட்டது. நம்பருக்கு ஒரு எண் அனுப்பி அதைத் திருப்பிக் கேட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டது. கடைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன், இருந்தாலும் அனுமதி கொடுத்தேன். பிறந்த நாள் கேட்டபோது எனக்கே சுவாரசியமாகிவிட்டது. அதுவரை அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்திலும் போலீஸ் ஸ்டேஷனிலும்தான் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கொடுத்த பிறகு பரோட்டா வந்தது. கூடவே மூடி ஒட்டிய ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் சால்னா.

மூடியைக் கிழித்து ஊற்றிச் சாப்பிட்டேன். கெட்டுப்போனதில்லை. உப்பு சரி, காரம் சரி, சோம்பு வாசம் சரி. எல்லாம் இருந்தது, நடுவில் ஏதோ ஒன்று இல்லை. எது இல்லை என்று கண்டுபிடிக்க நாக்கை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பார்த்தேன். முடியவில்லை. அதற்குள் கிண்ணம் தீர்ந்துவிட்டது. இன்னொன்று கேட்டேன்.

"எக்ஸ்ட்ரா சால்னாக்குத் தனி ஆர்டருண்ணே" என்றான் மச்சினன்.

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடைக்காரர் தலையைத் தூக்கினார். என்னை அப்போதுதான் பார்த்தார் போல.

"அட, மாப்ள! எப்ப வந்த? டேய், அவனுக்கு ஆர்டர் கீர்டர்னுட்டு. ரெண்டு எடுத்துக் குடுறா."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆள் வெளுத்திருந்தார். மாஸ்டர் கேரளாவுக்குப் போய்விட்டார். இவருக்கு மூச்சிரைப்பு வந்து, அடுப்புப் புகையில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சினன்தான் யோசனை சொல்லியிருக்கிறான்: விளாங்குடியில் ஒரு பெரிய கிச்சன் இருக்கிறது, சால்னாவைப் பையில் அடைத்து வேனில் கொண்டுவந்து கொடுப்பார்கள், கத்தரித்து ஊற்றினால் போதும். ஆறு மாதமாக அப்படித்தான் ஓடுகிறது.

"கூட்டம் எப்பிடிண்ணே?"

"போன்ல ஆர்டர் வருது. எங்கிட்டு இருந்தோ வருது, எவன் திங்கிறான்னு தெரியல. நட்சத்திரம் அஞ்சு போடுறாய்ங்க." குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆளுக தான் ஒண்ணொண்ணா காணோம். ஏன்னு தெரியல மாப்ள. ஒருத்தனும் வாயத் தொறந்து சொல்லமாட்டேங்கிறான்."

அவர் கையில் வாளி இல்லை, அதனால் அவருக்குத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் வேலை கேட்க வந்தவன். கேட்டேன்.

"இங்க என்னய்யா வேல இருக்கு?" என்று கையை விரித்தார். "கத்தரிக்கோல் புடிக்க ஒரு ஆளு போதும். அதுக்கு இவன் இருக்கான்."

அப்போதுதான் டீச்சர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், ஐம்பதைத் தாண்டியவர். எனக்கும் அவரை முகம் தெரியும். கடைக்குள் வந்ததும் கோழிப் பலகையைத் திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டுக் கல்லாவுக்கு நேரே வந்தார்.

"அண்ணே, நல்ல காரியம் பண்ணுனீங்க. நான்கூட இந்த வருஷம் இல்லையோன்னு நெனச்சேன். நாளைக்கு சிலுவைப்பாதை செபம் முடிஞ்சு பாட்டுக் குழுவுல இருந்து எல்லாரும் நேரா இங்கதான் வாரோம். ஒரு நாப்பது பேருக்கு எடுத்து வச்சிருங்க."

"என்னது டீச்சரம்மா?"

"சைவச் சால்னாதான். நீங்கதானே போட்டிருக்கீங்க."

போனை நீட்டினார். கடைக்காரரும் மச்சினனும் நானும் குனிந்து பார்த்தோம். பழைய தகரப் பந்தல், பழைய அடுப்பு, ஒரு சட்டி. மேலே பெரிய எழுத்தில்: தவக்கால வெள்ளி, சைவச் சால்னா ரெடி.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் டீச்சரின் சபைக்காரர்கள் கறி தொடமாட்டார்கள். சுத்தபோசனம் என்பார்கள். கடை போட்ட புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை பாதிக் கூட்டம் காணாமல் போக, கடைக்காரர் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அதிலிருந்து வருஷா வருஷம் அந்த வெள்ளிகளில் எலும்பு போடாமல் தனிச் சட்டியில் ஒரு சால்னா. கரண்டிகூடத் தனி. அது நன்றாக இருக்கிறதென்று கறி தின்கிறவர்களும் அதையே கேட்பார்கள்.

மச்சினன்தான் முதலில் கண்டுபிடித்தான். "இது போன வருஷத்துது மச்சான். நான்தான் போட்டேன். ஆப்பு அதுவா எடுத்துப் போட்டிருக்கு, ஒரு வருஷத்துக்கு முன்னாலன்னு."

"எங்க போட்டிருக்கு?" என்றார் டீச்சர்.

"இந்தா, இங்கன." சாம்பல் நிறத்து எறும்பைக் காட்டினான்.

டீச்சர் போனைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "இம்புட்டுக்காணு எழுதுனா எவன் பாப்பான்? நான் மூணு குரூப்புக்கு அனுப்பிட்டேனே. ஃபாதருக்கும் அனுப்பிட்டேன். அவரு கைகூப்புற படம் வேற போட்டுட்டாரு."

காலையில் திருநகர் கேட்டில் நான் எப்படி நின்றேனோ அப்படி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என்னைப் போல ஏமாந்த இன்னொருவரைப் பார்த்ததில் ஒரு திருப்தியும் இருந்தது.

"அதுனால ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றான் மச்சினன். "நம்மகிட்ட வெஜ் சால்னாப் பையும் வருது. அதுல நாப்பது சொல்லிரலாம்."

ஒரு கிண்ணத்தைத் திறந்து கொடுத்தான். டீச்சர் முகர்ந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், வாயில் வைக்கவில்லை.

"கறி வாசம் அடிக்குதே."

"வெஜ்தான் டீச்சர். சிஸ்டத்துல பாருங்க, வெஜ்னு இருக்கு."

"சிஸ்டமா போய் சமைச்சுச்சு? நீ பாத்தியா அவுங்க சமைக்கிறத?"

அவன் பார்த்ததில்லை. கடைக்காரரும் பார்த்ததில்லை. ஆறு மாதம் வாங்கி விற்றிருக்கிறார்கள், ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. போன் போட்டார்கள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் உங்கள் கருத்துக்கு நன்றி என்று வைத்துவிட்டது.

"கருத்து எங்க சொன்னோம்?" என்றார் டீச்சர். "இந்தா பாருங்க அண்ணே. நாப்பது பேர நான் கூப்பிட்டுருக்கேன். அதுல வயசானவங்க இருக்காங்க, காலையில இருந்து பச்சத்தண்ணியோட இருப்பாங்க. கறி கலந்தத நான் வாங்கிக் குடுத்தேன்னு வரக்கூடாது. யாராச்சும் கண்ணால பாத்துச் சொல்லட்டும், நம்புறேன். இல்லேன்னா இப்பவே எல்லாருக்கும் வராதீங்கன்னு போட்டுர்றேன்."

கடைக்காரர் வாசலைப் பார்த்தார். காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விளாங்குடி வேன் கிளம்பத் தயாராக நின்றது.

"நான் போயிட்டு வாரேண்ணே" என்றேன்.

யாருக்காகப் போனேன் என்று கேட்டால் இப்போதும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. பெரிய கிச்சன் என்றால் அங்கே ஆள் தேவைப்படும் என்று ஒரு எண்ணம் ஓடியது உண்மை. அதைவிட, அந்தச் சால்னாவுக்கு நடுவில் எது இல்லை என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "போய்ப் பாத்துட்டுப் போன் போடு தம்பி. நான் இங்கனயே உக்காந்திருக்கேன்" என்றார்.

வேன் டிரைவர் பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார். அவர் உள்ளே போய்ப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "எனக்கு ஷெட்டுல ஏத்துறது எறக்குறதுதான். ஆனா வீட்டுக்கு ஒரு பை குடுப்பாங்க. இட்லிக்கு ஊத்திச் சாப்பிடுவோம், நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

கிச்சன் திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வீடுகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. நான் முதலில் பார்த்தது பூனையை. அதாவது, பூனை இல்லாததை. கறி வெட்டுகிற, எலும்பு கொதிக்கிற இடங்களில் நிறையப் படுத்திருக்கிறேன். பின்பக்கம் ஒரு பூனையாவது காத்துக்கொண்டிருக்கும், நாய் ஒன்று சாக்கடைப் பக்கம் கிளறிக்கொண்டிருக்கும். இங்கே சுற்றி வந்து பார்த்தேன். வெங்காயத் தோல் மலை போலக் கிடந்தது. ஒரு காக்காய்கூட இல்லை.

உள்ளே சூப்பர்வைசர் ஒரு பெண். தலைக்கு நைலான் தொப்பி, கையில் உறை, குரல் மட்டும் சந்தைக் குரல். எந்தக் கடையிலிருந்து வருகிறேன், எதற்கு வருகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

"சாமி கும்புடுறவங்களுக்காக வந்திருக்க. வந்து பாரு, ஒளிக்க என்ன இருக்கு? தொப்பியப் போடு மொதல்ல."

ஆள் உயரத்துக்கு மூன்று கொப்பரைகள் நீராவியில் கொதித்துக்கொண்டிருந்தன. வெங்காயம், தக்காளி, பொட்டுக்கடலை, நிலக்கடலை, தேங்காய் அரைத்தது, பட்டை, சோம்பு. கறுப்பாக மரப்பட்டை மாதிரி ஒரு கைப்பிடியை எடுத்து என் மூக்கில் வைத்தார். "கல்பாசி. கறி வாசம் கறி வாசம்னு சொல்லுவாங்கல்ல, இதுதான் அது."

"இது சைவம். கறிச் சால்னா எதுலக்கா போடுறீங்க?"

"இதுலதான்."

"எதுல?"

"இதே கொப்பரைதான்யா. எல்லாத்துக்கும் ஒரே சால்னா. சிக்கன்னு போற பைக்குக் கடைசில ஒரு கரண்டி பவுடர்." மூலையில் ஒரு டப்பாவைக் காலால் தள்ளிக் காட்டினார். அதன் மேல் பச்சைப் புள்ளி இருந்தது. பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் இருக்கிற அதே பச்சைப் புள்ளி. சிக்கன் பவுடரிலும் சிக்கன் இல்லை.

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு? இது சால்னாவுக்குத் தாய். கடைக்காரங்க இத வாங்கிட்டுப் போய், எலும்பப் போட்டு, தண்ணி விட்டு, ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கணும். சைவம்னா நாலு காயப் போட்டுக் கொதிக்க வைக்கணும். ஒவ்வொருத்தர்ட்டயும் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் குடுக்கிறோம். எவன் கேக்குறான்? கத்தரிச்சு ஊத்துறான், எங்களத் திட்டுறான்."

இதுதான் அந்த நடுவில் இல்லாதது. காளவாசலில் உட்கார்ந்து நாக்கைத் திருப்பித் திருப்பித் தேடியது, ஒரு மணி நேரக் கொதி.

வெளியே வந்து போன் போட்டேன். கடைக்காரர் போனைச் சத்தமாக வைத்திருந்தார், டீச்சர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கறி இல்லை, சைவப் பையிலும் இல்லை, கறிப் பையிலும் இல்லை.



"மாப்ள" என்றார் கடைக்காரர். "வாசல்ல இம்புட்டுப் பெரிய கோழிய வச்சிருக்கேனேய்யா."

டீச்சர் சிரிப்பது கேட்டது. "அப்ப ஆறு மாசமா உங்க கடைக்கு வந்த எல்லாரும் சுத்தபோசனம்தான். மோட்சம் உங்க கடை வழியாத்தான் அண்ணே!"

"கேலி பண்ணாதீங்க டீச்சரம்மா." பிறகு மச்சினனிடம் ஏதோ கத்தினார். அவன், "கொதிக்க வைக்கணும்னு சொன்னாங்கதான் மச்சான், கேஸு தண்டம்னு விட்டேன்" என்று சொல்வது கேட்டது. அதற்கு அவர் சொன்னதை எழுத முடியாது.

திரும்ப என்னிடம் வந்தார். "மாப்ள, நாளைக்கு நானே சட்டி வைக்கிறேன். வாசல்ல காத்தாட வச்சுக்கிறேன், மூச்சு வாங்குனா வாங்கிட்டுப் போகுது. காலையில வந்துரு. வெங்காயம் உரிக்க, தேங்கா அரைக்க ஆளு வேணும்."

"நாளைக்கு மட்டுமாண்ணே?"

"நாளைக்கு மட்டுந்தான். பொய் சொல்லிக் கூப்பிட மாட்டேன். அடுத்த வெள்ளி வேணும்னா பாப்போம்."

நடுவில் இருக்கிற ஏழு ராத்திரிகளைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியவும் வாய்ப்பில்லை. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். சூப்பர்வைசர் அக்கா உறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். நான் பேசியது முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"பாக்க வந்தியா, வேலைக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்தாங்க்கா."

"நீ பூனை தேடுனத பாத்தேன். எவனும் அப்பிடித் தேடுனதில்ல." சிரிக்காமல் சொன்னார். "பேக்கிங்ல ஒருத்தன் நின்னுட்டான். மாடியில ரூம் இருக்கு, நாலு பேரு படுக்கிறாய்ங்க. விடியிறதுக்கு முன்னாலயே எந்திரிக்கணும். குடிப்பியா?"

"கெடைச்சா டீ."

"அப்ப ஏறு மேல."

கடைக்காரருக்கு இன்னொரு போன் போட்டேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "போய்யா, ராத்திரிக்கு எடம் கெடச்சா போயிரணும்" என்றார். "வெங்காயத்த இவன உரிக்க வைக்கிறேன். கண்ணுல தண்ணி வரட்டும்."

அவர் சட்டி வைத்ததும், நாற்பது பேருக்குச் சொன்னது எழுபது பேராக வந்ததும், டீச்சரே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக ஊற்றியதும் எனக்குப் பிறகு வேன் டிரைவர் சொல்லித்தான் தெரியும். மச்சினன் அதைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். அது எந்த வருஷம் யாருக்குப் போய்ச் சேருமோ.

வெள்ளிக்கிழமை இருட்டோடு எழுப்பிவிட்டார்கள். எனக்குக் கொடுத்தது பையின் வாயை ஒட்டுகிற மெஷின். பையைப் பிடித்து மெஷின் பல்லுக்கு நடுவில் வைத்துக் காலால் மிதித்தால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். முதல் பையில் காலை அதிக நேரம் வைத்துவிட்டேன். வாய் உருகிச் சால்னா முழங்கைவரை வழிந்தது. பக்கத்தில் நின்றவள், "மெதுவா விடுங்கண்ணே, அது என்ன ஆக்ஸிலேட்டரா" என்றாள். பத்துப் பையில் கால் பழகிவிட்டது. ஒட்டிய பைகளைப் பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டிகளின் பக்கத்தில் கடைப் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். மேலூர்க் கடைகள், திருமங்கலம் கடைகள். கடைசிப் பெட்டியில் உசிலம்பட்டி ரோட்டுக் கடை ஒன்றின் பெயர் இருந்தது. அந்தக் கடையை எனக்குத் தெரியும். எல்லாம் மாறினாலும் அங்கே மட்டும் சால்னா அப்படியே இருக்கிறது என்று போன மாதம்கூட நான் ஒருவரிடம் சண்டை பிடித்திருக்கிறேன்.

பெயரை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அதே கடைதான். அதே பை, அதே கொப்பரை. அந்தக் கடைக்காரர் எலும்பு போட்டுக் கொதிக்க வைக்கிறார் போலிருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனேன்.